மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள் சார்பாக, வீட்டுவசதித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் வட சென்னையில் கொருக்குப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருப்பவன். வயரிங் என் தொழில். 22 வருடமாக வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று சந்து சந்தாக வீடுகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஃபேன் மாட்ட ஏணியில் ஏறினால் கை தளத்தில் படும். கீழ் வீடுகளில் அது வெறும் சிமென்ட். கடைசி மாடியில், மே மாதத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சூடு முழுசாக இறங்காது. அதற்கு நேர் கீழேதான் பாயை விரித்துப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சூட்டையும் கரண்ட் செலவையும் சொல்லும் ஒரு பக்கச் சான்று கட்டாயம் வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அது குடிவருபவர் கையில் இருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

வீடு பார்க்கப் போகும்போது நாங்கள் என்னவெல்லாம் கேட்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மெட்ரோ வாட்டரா போரா, பாத்ரூம் தனியா பொதுவா, வண்டி நிறுத்த இடம் உண்டா, எத்தனை மாத அட்வான்ஸ். தளத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. புரோக்கரும் காலை வேளையில்தான் கூட்டிப் போவார். டிசம்பரிலோ ஜனவரியிலோ பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். சித்திரையில்தான் தெரியும் எதில் மாட்டிக்கொண்டோம் என்று. அதற்குள் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தாயிற்று.

முன்பு தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் இருந்தோம். மேலே மொட்டை மாடி. தட்டோடு பதிக்காத, சுர்க்கியும் (செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து போடும் மேல் பூச்சு) போடாத வெறும் தளம். மழையில் பாசி பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. கறுத்த தளம் வெயிலைக் குடிக்கும். பகல் முழுக்கக் குடித்ததை ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்கும். சாயங்காலம் மேலே நான்கு பக்கெட் தண்ணீர் ஊற்றுவோம், சமாளித்துவிடலாம் என்று இருந்தோம். 2019 கோடையில் ஊரே குடத்தோடு லாரிக்கு நின்றது. தளத்துக்கு ஊற்றத் தண்ணீர் எங்கே? என் அம்மாவுக்கு அப்போது 68 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். சின்னவளுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, இருக்கிற காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். அறையின் காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால், அது தள்ளுவதும் சூட்டைத்தான்.

இரண்டு வருடம் கழித்து, மார்ச் மாதத்தில், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டேன். உன் செலவில் செய்துகொள் என்றார். தளத்தைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பில் பசை கலந்து, நானும் மனைவியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கை அடித்து முடித்தோம். அந்தக் கோடையில் அம்மா வாசற்படிக்குப் போகவில்லை. சரி, இனி வருடா வருடம் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எட்டு மாதத்தில் வீட்டுக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் வீடு, அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் இப்போது இருக்கும் வீட்டில் நான் சுண்ணாம்பு வாங்கவில்லை. எந்த வாடகைக்காரரும் வாங்க மாட்டார். 11 மாதத்தில் காலி செய்ய வேண்டியிருக்கலாம் என்றால் யார் அடுத்தவர் தளத்தில் காசைக் கொட்டுவார்கள்?

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கரண்ட் பில் கட்டுவது அவர் இல்லை, வியர்வையில் படுப்பதும் அவர் இல்லை. தளத்துக்குச் செலவு செய்தால் வாடகை கூடுமா என்றால் கூடாது, ஏனென்றால் வீடு பார்க்க வருகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. தளம் ஒருவருடையது, அதன் சூடு இன்னொருவருடையது. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி வைத்தால் மட்டுமே இது மாறும் என்று நம்புகிறேன்.

அந்தக் காகிதத்துக்கு இடம் உங்கள் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது. யார் எந்த ரிப்பேரைச் செய்ய வேண்டும் என்றும் அதன் அட்டவணையில் பிரித்திருக்கிறார்கள். என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் அதை ஒருமுறை உட்கார்ந்து படித்தேன். வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு, சுவிட்சும் சாக்கெட்டும் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பதைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். சென்னையில் சுவரைவிடத் தளத்துக்குத்தான் வெள்ளை தேவை.

இந்தச் சான்று நான் கற்பனையில் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002லேயே கட்டடங்களுக்கு ஆற்றல் சான்றிதழ் வேண்டும் என்று உத்தரவு போட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை தரம் தருகிறார்கள். சான்றிதழ் பத்து வருடம் செல்லும். 2018 ஏப்ரல் 1 முதல், ஈ தரத்துக்குக் கீழே இருக்கும் வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் வீடுகளுக்கும் அதே விதி. எந்த வீட்டுக்கு என்ன தரம் என்று முகவரியைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பிரான்ஸில் 2025 ஜனவரி முதல் ஜி தர வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடத் தடை வந்தது. அடுத்து 2028இல் எஃப் தரத்துக்கு என்று தேதி குறித்திருக்கிறார்கள்.

அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. கொண்டுவந்தால் தப்பாகப் போகும். அங்கே அந்தச் சான்றிதழ் முக்கியமாகக் கணக்குப் போடுவது குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க ஆகும் செலவை. ஜன்னல் இடுக்கில் சூடு வெளியே போகிறதா என்பது அவர்கள் கவலை. நமக்குச் சூடு உள்ளே வருவதுதான் கவலை, அதுவும் பெரும்பாலும் தலைக்கு மேலேயிருந்து. அங்கே குளிரை வெளியே நிறுத்தினால் நல்ல வீடு. இங்கே கடல் காற்று உள்ளே வந்து மறுபக்கம் வெளியே போனால் நல்ல வீடு. காசிமேட்டுப் பக்கம் மத்தியானம் காற்று திரும்பினால் தெருவே மூச்சு விடும். அந்தக் காற்று நுழைய எதிரெதிர் ஜன்னல் இல்லாத போர்ஷன்கள்தான் இங்கே பாதிக்கு மேல் நான் வேலை செய்தவை.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு கொண்டுவந்தது. தளம் எவ்வளவு சூட்டைக் கடத்தலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பு உண்டு: சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட். ஆறு அங்குல வெறும் கான்கிரீட் தளம் ஏறத்தாழ அதில் மூன்று மடங்கைக் கடத்தும். நல்ல விதிதான். ஆனால் அந்த 2018 விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் புதுக் கட்டடங்களுக்கு. நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. கொருக்குப்பேட்டையில் அரை கிரவுண்டில் மூன்று மாடி, மாடிக்கு இரண்டு போர்ஷன். 2022இல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தியபோது குடியிருப்புகளையும் சேர்த்தார்கள், அதுவும் 100 கிலோவாட் இணைப்புச் சுமையிலிருந்து. எங்கள் தெருவில் ஒரு வீட்டு சர்வீஸ் ஐந்து கிலோவாட்டைத் தாண்டினால் பெரிய வீடு என்று அர்த்தம். வீடுகளுக்கான நட்சத்திர முத்திரையும் அந்தப் பணியகத்திடம் உண்டு, விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம். 'வாடகைக்கு விடப்படும்' என்று அட்டை தொங்கிய எந்த வீட்டிலும் அதை நான் பார்த்ததில்லை. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம். அந்த ஃபேனை நான் மாட்டுகிற தளத்துக்கு ஒன்றும் இல்லை.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். கடைசி மாடி வீட்டில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 30 வாட்டில் முடியும், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். அரசு முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. தனி சர்வீஸ் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரே சர்வீஸில் மூன்று நான்கு குடித்தனம் வைத்து, சப் மீட்டர் மாட்டி, வீட்டுக்காரர் சொல்கிற ரேட்டில் பணம் கொடுப்பவர்களுக்கு அந்த 100 யூனிட் கண்ணிலேயே படாது. எல்லாருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். நான் இருக்கும் வீட்டில் யூனிட் எட்டு ரூபாய். பழைய ஃபேன் ஒன்றுக்கே இரண்டு மாதத்துக்கு 576 ரூபாய். புது வகை என்றால் 232. என் வருமானத்தில் இந்த வித்தியாசம் ஒரு கேஸ் சிலிண்டருக்கு எடுத்துவைக்கும் பணத்தில் பெரிய பங்கு. அந்த சப் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பவரும் யாரும் இல்லை. நானே எத்தனையோ மாட்டியிருக்கிறேன். வாங்கின பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுவதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட சென்னைக்காரர்கள் கரண்டை வீட்டில் மட்டும் பார்ப்பவர்கள் இல்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடும் வரை எங்கள் ஆட்கள்தான் அங்கே வேலை செய்தார்கள். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் ஓடுகிறது, பக்கத்தில் வல்லூர். சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது, மீன்பாடு போனது, அதை எண்ணூர் மீனவர்கள் எத்தனையோ முறை உங்களிடம் சொல்லிவிட்டார்கள். கறுத்த தளத்தின் கீழே வீணாகச் சுற்றும் ஒவ்வொரு ஃபேனுக்கும் கொஞ்சம் நிலக்கரி எங்கள் ஊரில்தான் எரிகிறது.

சரி, அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? தளம் எது என்பது முதல் வரி: கீழ் வீடா, கடைசி மாடியா, ஓட்டு வீடா, ஷீட்டு வீடா, மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸா. மேலே சுர்க்கியும் தட்டோடும் உண்டா, வெள்ளை அடித்தது எந்த வருடம். வெள்ளை ஒருமுறை அடித்துவிட்டால் போதாது. எங்கள் பக்கத்துத் தூசியிலும் கரியிலும் ஒரு மழைக்காலத்துக்குள் மங்கிவிடும், அதனால் வருடம் எழுதியே ஆக வேண்டும். எத்தனை ஜன்னல், காற்று குறுக்கே ஓடுமா. தனி சர்வீஸா சப் மீட்டரா, சப் மீட்டர் என்றால் யூனிட் என்ன ரேட். எர்த் உண்டா, கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் லீக்கேஜ் பிரேக்கர் உண்டா என்பதையும் நான் சேர்ப்பேன், ஏனென்றால் சூடு தாங்காமல் பழைய ஏ.சி. வாங்கி மாட்டுகிறவர்கள் அதை எர்த் இல்லாத பழைய ஒயரில் மாட்டச் சொல்லி என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். போன கோடையின் இரண்டு பில்கள் எத்தனை யூனிட் என்பது கடைசி வரி. அது ஒன்று போதும், மற்றதை எல்லாம் சரிபார்த்துவிடலாம்.

இதற்குப் பெரிய இன்ஜினீயர் தேவையில்லை. ஆளைக் கூப்பிட்டு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற மாதிரி வைத்துவிடாதீர்கள்; அந்தப் பணம் கடைசியில் வாடகையில் வந்து உட்காரும். வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், குடிவருபவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், பொய்யென்று புகார் வந்தால் மட்டும் அதிகாரி வந்து பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்தால் ஒரு கோடைக்குள் தெரு தெருவாக முடித்துவிடுவார்கள்.

சான்றை வாடகை ஒப்பந்தத்தோடு மட்டும் கட்டிவிட்டால் அது எங்களை எட்டாது. எங்கள் தெருவில் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டவர்களே குறைவு, அதைப் பதிந்தவர்கள் இன்னும் குறைவு. வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. அதனால் சான்றை இ.பி. சர்வீஸ் எண்ணோடு சேர்த்துப் பதியுங்கள். குடித்தனம் மாறும், ஒப்பந்தம் மாறும், சர்வீஸ் எண் மாறாது. எண்ணைப் போட்டால் போனில் அந்த வீட்டின் சான்று தெரிய வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் அந்த வாசலுக்கு எப்படியும் வருகிறார்.

வீட்டுக்காரர்களைப் பற்றி நீங்கள் யோசிப்பீர்கள் என்று தெரியும், யோசிக்கவும் வேண்டும். இங்கே வீட்டுக்காரர் என்றால் பெரும்பாலும் பணக்காரர் இல்லை. ராயபுரத்தில் நான் வேலை செய்த ஒரு வீட்டில், கணவர் போன பிறகு மேல் இரண்டு போர்ஷன் வாடகையில்தான் ஒரு அம்மா மருந்து வாங்குகிறார். அவரிடம் தட்டோடு பதி என்று நோட்டீஸ் அனுப்புவது அநியாயம். இங்கிலாந்தில்கூட வீட்டுக்காரர் செலவு செய்ய வேண்டிய தொகைக்கு 3,500 பவுண்டு என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் விலக்கு தந்தார்கள். நாம் முதலில் கேட்பது சுண்ணாம்பு வெள்ளைதான். அதை வருடம் ஒருமுறை அடித்தவருக்குச் சொத்து வரியில் சின்னச் சலுகை கொடுங்கள். முடியாதவர்களுக்கு மாநகராட்சியே அடித்துக் கொடுக்கலாம். தெலங்கானா அரசு 2023இல் குளிர்ந்த கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. நம் அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றது. உயிர் போகும் முன்பே தளத்துக்கு வெள்ளை அடிக்க அதில் எவ்வளவு சிறு பங்கு ஆகும் என்று உங்கள் அதிகாரிகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஷீட்டு வீடுகளில் கவனம் வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தேய்த்துக் கழுவினாலும் துளை போட்டாலும் நார் பறக்கும், அது நுரையீரலுக்கு விஷம். அங்கே ஆட்களை மேலே ஏற்றித் தேய்க்கச் சொல்லாமல், ஷீட்டை மாற்றுவதற்குத் தனி உதவி கொடுங்கள்.

எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. 'வீட்டைச் சரி செய்தேன், சான்று வாங்கினேன், வாடகையை ஏற்றுகிறேன்' என்று சொல்லி எங்களை வெளியே அனுப்பினால், நல்ல நோக்கத்தில் வந்த காகிதமே எங்களைத் தெருவில் நிறுத்தும். இந்த வரிசையை மட்டும் தவறவிடாதீர்கள். பிரான்ஸில் தடை வருவதற்கு முன்பே, 2022 ஆகஸ்டிலிருந்து, எஃப், ஜி தர வீடுகளுக்கு வாடகையை ஏற்ற முடியாது என்று நிறுத்தி வைத்தார்கள். அதேபோல, தளம் சூடான வீட்டுக்கு அதைச் சரி செய்யும் வரை வாடகை ஏறக் கூடாது; சரி செய்ததைக் காரணம் காட்டி, குடியிருப்பவரை ஒரு வருடத்துக்குக் காலி செய்யச் சொல்லவும் கூடாது. நம் வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் செல்லும் என்று வாசலையும் திறந்து வைத்தது. அந்த வாசல் வழியாக இன்றும் பத்து மாத அட்வான்ஸ் போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சான்றுக்கு அப்படி ஒரு வாசல் வைக்காதீர்கள்.

ஊர் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மாநகராட்சியின் நான்காவது மண்டலமான தண்டையார்பேட்டையிலும் ஐந்தாவது மண்டலமான ராயபுரத்திலும், கடைசி மாடி வீடுகளிலும் ஷீட்டு வீடுகளிலும் மட்டும் முதலில் தொடங்குங்கள். பதிவுப் படிவத்தில் தளத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ரிப்பேர் அட்டவணையில் மொட்டை மாடி வெள்ளையைச் சேர்க்க ஒரு திருத்தம் வேண்டியிருக்கும். பங்குனிக்குள் இரண்டும் நடந்தால் அடுத்த அக்னி நட்சத்திரத்துக்கு முன் தளங்கள் காய்ந்து வெளுத்திருக்கும். படிவத்தில் என்ன கேட்க வேண்டும் என்று எழுத உட்காரும்போது என்னைப் போன்ற வயர்மேன்கள் இரண்டு பேரையும் கடைசி மாடியில் குடியிருக்கும் பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். வேலையை விட்டுவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து,
கடைசி மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு வயர்மேன்